சட்டம் உண்டு, காவல் எங்கே?

மக்கட் செல்வத்தை ஒத்த செல்வம் வேறில்லையெனக் கருதி வாழ்பவர் நம் மக்கள். காணியை ஈடு வைத்தும், தாலிக்கொடியை அடகு வைத்தும், மத்திய கிழக்கு நாடுகளிலே பிறர் வீட்டுப் பணி செய்தும் பிள்ளைகளைப் படிப்பிக்கும் பெற்றோர் நம்மிடையே எத்தனை ஆயிரம்! போர் வீட்டையும் வயலையும் விழுங்கிய பின்னரும், பிள்ளை படித்துவிட்டாற் போதும் என்ற ஒரே நம்பிக்கையைப் பற்றிக்கொண்டே இச்சமுதாயம் எழுந்து நின்றது. அந்த நம்பிக்கையின் வேரிலே கை வைக்கும் ஒரு கொடுமையைப் பற்றி இன்று வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கின்றது. இணையத்தின் வழியே சிறுவர் சிறுமியரை வேட்டையாடும் கயவர்களைப் பற்றியே கூறுகின்றோம்.

இவ்விடயத்தைப் பத்திரிகையில் எழுதுவது அநாகரிகமென்று முகஞ் சுளிப்போர் உளர். நம் மௌனமே அக்கயவர்களுக்கு நாம் அளிக்கும் முதற் பாதுகாப்பு என்பதை அன்னோர் உணர்வாராக.

வேலிக்குப் பேர்போனது நம் மண். கதியால் ஓர் அடி நகர்ந்தால் நீதிமன்றம் வரை செல்லத் தயங்காதவர் நாம். ஆனால், பிள்ளையின் கையிலிருக்கும் சிறு கருவிக்கு வேலியுமில்லை, படலையுமில்லை, குரைப்பதற்கு நாயுமில்லை. அக்கருவி நம் வீடுகளுக்குள் எவ்வாறு வந்தது? 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனா நோயின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டன. சூம் வழியாகவும் வட்ஸ்அப் வழியாகவும் வகுப்புகள் நடைபெற்றன. கைத்தொலைபேசி இல்லாத பிள்ளைக்குப் பாடமே இல்லை என்ற நிலையில், மாட்டை விற்றும் வெங்காயக் காசை எடுத்தும் பெற்றோர் அதனை வாங்கிக் கொடுத்தனர். அவர்கள்மீது குறை கூறுதல் நேர்மையன்று. கருவியை வாங்கு என்று சொன்ன கல்விமுறை, அதனோடு வரும் ஆபத்தையும் பெற்றோருக்கு அவர்தம் மொழியிலே எடுத்துரைத்திருத்தல் வேண்டும். ஒன்று நடந்தது, மற்றது நடந்ததாகக் கூறுவதற்கில்லை.

வேட்டையின் முறை

பகைவன் எவ்வாறு போரிடுகின்றான் என்பதை அறியாமல் அவனை வெல்ல முடியாது. இக்கயவன் முதல் நாளே தன் கோரமுகத்தைக் காட்டுவதில்லை. பிள்ளையின் வயதையொத்த ஒருவனாகவோ ஒருத்தியாகவோ, வெளிநாட்டிலிருக்கும் அன்புள்ள அண்ணனாகவோ, விளையாட்டிற் சேர்ந்து விளையாடும் தோழனாகவோ வருகின்றான். பாராட்டுகின்றான், பிள்ளையின் கவலைகளைப் பொறுமையோடு கேட்கின்றான், தொலைபேசிக்குக் காசு போட்டுக் கொடுக்கின்றான். பின்னர், பலரும் காணும் இடத்திலிருந்து இருவர் மட்டும் பேசும் இடத்துக்குப் பிள்ளையை அழைத்துச் செல்கின்றான். "இது நமக்குள் இருக்கட்டும்" என்ற சொல் பிறக்கும் இடம் அதுவே. அதன் பிறகு ஒரு படம் கேட்கின்றான். படம் கைக்கு வந்த மறுகணமே தோழன் மறைந்து மிரட்டுபவன் தோன்றுகின்றான். "நான் சொன்னபடி செய்யாவிடில் இதனை உன் தந்தைக்கு அனுப்புவேன், உன் பாடசாலைக்கு அனுப்புவேன்."

அந்நிய தேசத்தான் மட்டுமே இவ்வாறு செய்கின்றான் என்று எண்ணிவிடலாகாது. அயலவனும், உறவினனும், பாடஞ் சொல்லிக் கொடுப்பவனும் இதே வழியை நாடுவதுண்டு. பெண்பிள்ளைக்கு மட்டுமே இந்த ஆபத்து என்று எண்ணுதலும் பெரும் பிழை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2022ஆம் ஆண்டு, பெண்ணொருத்தியின் பெயரில் இன்ஸ்டகிராம் வழியே வந்த கூட்டத்தினர், 17 வயது மாணவன் ஒருவனிடம் படம் வாங்கிப் பணம் கேட்டு மிரட்டினர். சில மணி நேரத்துள் அவன் தன்னுயிரை மாய்த்துக்கொண்டான். மிரட்டியவர்கள் நைஜீரியாவிலிருந்த சகோதரர் இருவர். அவர்கள் அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டு, 2024இல் ஒவ்வொருவரும் பதினேழரை ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றனர். தண்டனை கிடைத்தது, பிள்ளை மீளவில்லை.

அந்தப் பிள்ளையைக் கொன்ற ஆயுதம் யாது? படமா? அன்று. "என் வீட்டார் அறிந்தால் என் கதி என்னாகும்" என்ற அச்சமே அந்த ஆயுதம். மானத்தை உயிரினும் மேலாகப் போற்றும் நம் சமுதாயத்தில் அந்த ஆயுதம் எத்துணைக் கூர்மையானது என்பதைச் சிந்திக்குமாறு பெற்றோரை வேண்டுகின்றோம். கயவன் நம் பிள்ளையை மிரட்டுவது நம்மைக் காட்டியே. பிள்ளை நம்மை அஞ்சுமளவுக்கு அவன் பலம் பெருகுகின்றான்.

ஏட்டிலுள்ள சட்டம்

இதற்கெல்லாம் சட்டமே இல்லை என்று மேடைகளிற் பேசப்படுவதைக் கேட்கின்றோம். அஃது உண்மையன்று. தண்டனைச் சட்டக்கோவை 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தினால் திருத்தப்பட்டு, சிறுவரின் ஆபாசப் படங்களை உண்டாக்குவதும், பரப்புவதும், வைத்திருப்பதும் 286அ பிரிவின் கீழ்க் குற்றமாக்கப்பட்டன. 2006ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் அதற்கும் மேலே சென்றது. பாலியற் கொடுமையின் பொருட்டு, எவ்வழியிலேனும், நாட்டினுள்ளிருந்தோ வெளியிலிருந்தோ, 18 வயதுக்குட்பட்ட ஒருவரை நயந்தழைத்தலே குற்றம் என்றது அச்சட்டம். கணினி வழியே சேவை வழங்குவோர், அச்சேவை சிறுவர் கொடுமைக்குப் பயன்படாதவாறு பார்த்துக்கொள்ளல் வேண்டும் என்ற கடமையையும் அது விதித்தது.

அவ்வளவில் நின்றதா? தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தினாற் பிறந்தது. சிறுவரின் முதல் வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து நீதிமன்றத்தில் ஏற்பதற்கு 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தது. கணினிக் குற்றச் சட்டம் 2007இல் வந்தது. நாடு கடந்து நிகழும் இணையக் குற்றங்களுக்காக அமைந்த புடாபெஸ்ற் உடன்படிக்கையில் இலங்கை 2015ஆம் ஆண்டு சேர்ந்தது. இவற்றுக்கெல்லாம் மேலாக, சிறுவரின் நலனை விசேட அக்கறையோடு பேணிச் சுரண்டலிலிருந்து காப்பது அரசின் கடமை என்று அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை உரைக்கின்றது. ஆனால், அந்தக் கடமையை நீதிமன்றத்தின் மூலம் நிறைவேற்றுவிக்க இயலாது என்று 29ஆம் உறுப்புரை கூறுகின்றது. ஒரு கையாற் கொடுத்து மறு கையாற் பறிக்கும் வித்தை இதுவன்றோ?

ஆகவே நம் வழக்கு, சட்டம் இயற்றுக என்பதன்று. இயற்றிய சட்டம் கிளிநொச்சியிலும் மூதூரிலும் நுவரெலியாத் தோட்டத்திலும் வாழும் பிள்ளையின் வீட்டு வாயிலுக்கு வரவேண்டும் என்பதே.

ஏட்டிலிருந்து வீட்டுக்கு

முறைப்பாட்டுக்கு வரும் பிள்ளை முதலிற் சந்திப்பது பொலிஸ் நிலையத்தையே. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தம் வடக்கிலும் கிழக்கிலும் தமிழே நிருவாக மொழி என்றது. ஏட்டிலே உரிமை உளது. ஆயினும், தமிழில் அழுதுகொண்டு சொல்வதைச் சிங்களத்தில் எழுதி, படித்துப் பார்க்க இயலாத ஏட்டிற் கையொப்பம் வாங்கும் வழக்கம் தமிழர் அறியாததன்று. காணித் தகராற்றிலே இஃது அநீதி. நடந்ததை ஒரு முறை வாய்விட்டுச் சொல்வதற்கே நடுங்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் விடயத்திலோ, இது நீதியின் கதவை அடைப்பதற்கு ஒப்பாகும். அந்த வாக்குமூலத்தில் ஒரு சொல் பிறழ்ந்தாலும், பின்னர் குறுக்கு விசாரணையில் அப்பிழை பிள்ளையின் தலையிலேயே விழும். மொழியுரிமை அரசியல்வாதிகளின் வாய்ப்பேச்சு என்று ஏளனஞ் செய்வோர் இவ்விடத்திலே சற்று நின்று சிந்திப்பாராக.

அடுத்தது தாமதம். சிறுவர் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபடுகின்றன. சிறுமியாக முறைப்பாடு செய்தவள், மணமுடித்துக் கைக்குழந்தையோடு சாட்சிக்கூண்டில் ஏறும் கொடுமை எதற்காக? ஒளிப்பதிவுச் சாட்சியத்துக்கு இடமளித்த 1999ஆம் ஆண்டுச் சட்டம் எல்லா மாவட்டங்களிலும் நடைமுறைக்கு வந்திருப்பின் இந்தத் துன்பத்திற் பாதியேனும் குறைந்திருக்கும்.

மூன்றாவது, குற்றம் கடல் கடந்து நிகழ்வது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் அமண்டா தொட் என்னும் 15 வயதுச் சிறுமி 2012ஆம் ஆண்டு ஒக்டோபரில் உயிர் நீத்தாள். தன் துயரை எழுத்தட்டைகளில் எழுதிக் காட்டி அவள் வெளியிட்ட காணொளி உலகையே உலுக்கியது. அவளை ஆண்டுக்கணக்கில் மிரட்டியவன் நெதர்லாந்திலிருந்தவன். அவன் கனடாவுக்கு அனுப்பப்பட்டது 2020இல். 13 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றது 2022இல். செல்வமும் பொறிநுட்பமும் நிறைந்த நாட்டிலே பத்தாண்டு சென்றதெனில், நம் பிள்ளையின் வழக்குக்கு எத்தனை ஆண்டு செல்லும்?

நான்காவது, நம் நாட்டிலேயே கண்ட பாடம். 2021ஆம் ஆண்டு கல்கிசையில் 15 வயதுச் சிறுமி ஒருத்தி இணையத்தளங்கள் வழியே விலைபேசப்பட்ட செய்தி நாட்டை நாணச் செய்தது. கைதானவருள் சமூகத்தில் மதிப்பு வாய்ந்த பதவிகளை வகித்தோரும் இருந்தனர். இணையம் அக்கயமையை உண்டாக்கவில்லை. முன்பிருந்த கயமைக்குச் சந்தை அமைத்துக் கொடுத்தது. சந்தையை நடத்துவோனும் அதில் வாங்க வருவோனும் ஒருசேரத் தண்டிக்கப்படாதவரை அந்த வியாபாரம் நிற்காது.

இன்னுமொன்று. நன்னடத்தையும் சிறுவர் பராமரிப்பும் மாகாண சபைக்குரிய விடயங்கள். வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2018ஆம் ஆண்டு ஒக்டோபரில் முடிவுற்றது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. ஆளுநரின் கையொப்பம் கோப்பை நகர்த்தலாம். ஆனால், "எங்கள் மாவட்டத்துச் சிறுவர் இல்லத்துக்கு ஏன் உளவளத்துணையாளர் இல்லை" என்று கேட்பதற்கு மக்கள் தெரிந்தெடுத்த ஒருவன் வேண்டாமா? அதிகாரப் பகிர்வு என்பது கொடியும் கதிரையும் பற்றியது மட்டுமன்று என்பதற்கு இதனிலும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

காவலின் பெயரால் விலங்கு

2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். பிள்ளைகளையும் பெண்களையும் காப்பதற்கே அச்சட்டம் என்று அந்நாளில் முரசறையப்பட்டது. ஏட்டைப் புரட்டினால், எது பொய், எது உண்மை என்று தீர்மானிக்கும் ஆணைக்குழுவும், அரசுக்கு ஒவ்வாத பேச்சை அடக்குவதற்கு ஏற்ற சொற்களுமே பெரும்பகுதியைப் பிடித்துள்ளன. ஊடகத்தாரும் சட்டத்தரணிகளும் அதனை எதிர்த்தது காரணமின்றியன்று. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை 1979ஆம் ஆண்டு தற்காலிகம் என்று சொல்லித் தந்தவர்களின் சொல்லை எடை போட்டுப் பார்க்கத் தமிழர் நன்கறிவர். பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேச்சுக்கு விலங்கு பூட்டுவது பிள்ளையையும் காவாது, பேச்சையும் விடாது.

அப்படியாயின் நாம் வேண்டுவது யாது? கம்பனிகளை நோக்கிக் கேட்கவேண்டியதைக் கேட்பதே. 2018ஆம் ஆண்டு கண்டியில் முஸ்லிம் மக்களுக்கெதிராக நிகழ்ந்த வன்செயலில் தன் தளம் வகித்த பங்குக்காக பேஸ்புக் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கோரியது. நம் மொழிகளை அறிந்த கண்காணிப்பாளர் போதாமை எத்தகைய தீயை மூட்டும் என்பது அன்றே வெளிப்பட்டது. இந்நாட்டில் விளம்பரத்தால் வருவாய் தேடும் கம்பனி, இந்நாட்டுப் பிள்ளை தமிழில் எழுதும் முறைப்பாட்டைத் தமிழறிந்தவர் வாசிக்குமாறு செய்தல் வேண்டாமா? அறிமுகமற்ற முதியவன் சிறுவருக்குச் செய்தி அனுப்பாதபடி தடுப்பது அவர்களால் இயலாத காரியமா? பிரித்தானியா 2023இல் இத்தகைய கடமைகளைச் சட்டமாக்கியது. கடமையைக் கம்பனிமீது சுமத்துவது வேறு. குடிமகனின் வாயைக் கட்டுவது வேறு.

சிறுவருக்குச் சமூக ஊடகமே வேண்டாம் என்போரும் உளர். அவுஸ்திரேலியா 16 வயதுக்குட்பட்டோர் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டத்தை 2025ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் நடைமுறைப்படுத்தியது. அக்கருத்தை நாம் இகழவில்லை. சிறு பிள்ளைக்கு அக்கணக்குகள் தேவையில்லை என்பதே நம் கருத்துமாகும். ஆனால், தாயின் பெயரில் கணக்குத் திறக்கத் தெரிந்த பிள்ளைக்குத் தடை ஒரு சிறு வரம்பே. வரம்பைக் கட்டிவிட்டு வயலைப் பார்க்காதிருக்கும் கமக்காரன் எவனும் உளனோ? அன்றியும், "தொலைபேசியைப் பறித்துவிடுவார்கள்" என்று அஞ்சும் பிள்ளை, ஆபத்து வந்தபோது வாய் திறவாது.

நம் கடன்

அரசாங்கம் செய்யட்டும் என்று கைகட்டி நிற்பது நம் மரபன்று. பெற்றோர் முதலிற் செய்யவேண்டியது ஒன்றே. "என்ன நடந்தாலும் என்னிடம் வா, நான் உன்னை அடிக்கமாட்டேன், படிப்பை நிறுத்தமாட்டேன்" என்று பிள்ளைக்கு இன்றே சொல்லிவைப்பது. ஆபத்து வந்த பின்னர் சொல்வதனாற் பயனில்லை. அவசரப்பட்டு மணமுடித்து வைப்பதும், ஊர் மாற்றி அனுப்புவதும் பிள்ளைக்கு விதிக்கும் தண்டனையன்றிக் கயவனுக்கு விதிக்கும் தண்டனையாகா.

மிரட்டல் வந்தால் பணம் கொடுக்கலாகாது. கொடுத்தால் மேலும் கேட்பான். வந்த செய்திகளையும், எண்ணையும், கணக்கின் பெயரையும் அழித்துவிடலாகாது, அவையே சான்று. படத்தை எவருக்கும், அறிவுரை கேட்பதற்காகவேனும், அனுப்பலாகாது. பரப்புவோன் உறவினனாயினும் சட்டத்தின்முன் குற்றவாளியே. 1929 என்ற இலக்கம் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு உரியது. அதனைப் பாடசாலைச் சுவரிலும், சனசமூக நிலையத்திலும், கமநல சேவை நிலையத்திலும் எழுதி வைத்தல் வேண்டும். பரவிய படத்தைத் தடுக்கவும் வழியுண்டு. டேக் இட் டவுண் என்னும் இலவசச் சேவை, படத்தை எங்கும் அனுப்பாமலே, பிள்ளையின் கருவியிலேயே அதன் கைரேகை போன்ற ஓர் இலக்கக் குறியை உண்டாக்குகின்றது. அச்சேவையிற் சேர்ந்துள்ள கம்பனிகள் அக்குறியைக் கொண்டு தம் தளங்களிலே படத்தைக் கண்டுபிடித்து அகற்றுகின்றன. "எல்லாம் முடிந்தது" என்று கலங்கும் பிள்ளைக்கு, முடியவில்லை என்று சொல்லத்தக்க மருந்து அது.

கற்றோரை நோக்கி ஒரு வேண்டுகோள். ஆசிரியரே, திடீரென மௌனமாகும் மாணவனைக் கவனியுங்கள். மருத்துவரே, காரணமின்றி உறக்கமும் உணவும் இழந்த பிள்ளையைத் தனியே ஒரு கேள்வி கேளுங்கள். சட்டத்தரணிகளே, இத்தகைய பிள்ளைக்காக ஊதியமின்றி நீதிமன்றம் ஏறுவதனால் எவரும் வறியராகார். ஒவ்வொரு மாவட்டத்திலும் பத்துப் பேர் முன்வந்து, பிள்ளையின் வாக்குமூலம் தமிழிலே எழுதப்படும்வரை பொலிஸ் நிலையத்தை விட்டு எழாதிருந்தால், நிலைமை ஓராண்டில் மாறும்.

ஊர்ப் பெரியோரை நோக்கியும் ஒன்று. "இரு பக்கமும் நம்மவரே, பேசி முடிப்போம்" என்று கூறிப் பிள்ளையின் கண்ணீருக்கு விலை பேசும் சமாதானம் எம்மூரிலும் வேண்டாம், எவ்வூரிலும் வேண்டாம். வரம்புச் சண்டையைப் பேசி முடியுங்கள். வாய்க்கால் தகராற்றைப் பேசி முடியுங்கள். இதனைப் பேசி முடிக்கும் உரிமை எவருக்கும் இல்லை. விடப்பட்டவன் அடுத்த வீட்டுப் பிள்ளையிடமே செல்வான்.

அரசாங்கத்திடம் நம் கோரிக்கைகள் நான்கு. வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் ஒவ்வொரு பிரதான பொலிஸ் நிலையத்திலும் பயிற்சி பெற்ற தமிழ் பேசும் பெண் உத்தியோகத்தர் இருத்தல் வேண்டும். சிறுவரின் வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்யும் வசதியும், கைத்தொலைபேசிச் சான்றை ஆராயும் கூடமும் மாகாணங்களிலேயே அமைதல் வேண்டும். சிறுவர் வழக்குகளுக்குக் காலவரையறை விதித்தல் வேண்டும். இணையப் பாதுகாப்பைத் தமிழில் எழுதிய பாடமாக ஆறாம் வகுப்பிலிருந்தே கற்பித்தல் வேண்டும். இவற்றுள் எதற்கும் புதிய அரசியலமைப்பு வேண்டுவதில்லை. மனமும் சிறிது பணமுமே வேண்டும்.

வரும் வரவுசெலவுத் திட்ட விவாதத்தின்போது இந்நான்கையும் உங்கள் பாராளுமன்ற உறுப்பினரிடம் எழுத்திற் கேளுங்கள். அவர் எக்கட்சியினராயினும் கேளுங்கள். கேட்டதற்கு எழுத்தில் விடை வாங்குங்கள். வாக்குக் கேட்டு மீண்டும் உங்கள் படலைக்கு வரும் நாளில் அந்த விடையை எடுத்துக் காட்டுங்கள்.